வாள் என் கையில் கீது

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசு, தோளில் ஜோல்னாப் பை. படக்கதை போட்ட பெண்களைக் கொண்டாடி ஒரு விழா எடுக்கிறார்களாம். அந்தக் காலத்துப் படக்கதைப் பத்திரிகையில் வேலை பார்த்தவள் என்று யாரோ என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பெண் ஓவியர்கள் யார் யாரும்மா?" என்று கேட்டாள்.

யார் யாராமே! என்னமோ மார்க்கெட்டில் கூறு கட்டி வைத்திருந்த மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்படி ஒருத்தியும் இல்லை" என்று சொல்லி, காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாவம், அவள் மேல் என்ன தப்பு? அவள் படி இறங்கின பிறகு எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது. நான் சொன்னது பொய். ஒருத்தி இருந்தாள். எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தி. என் அண்ணி. அவள் பேர் ஒரே ஒரு வாரம் அச்சில் வந்தது. பேரைச் சொன்னால், ஏன் ஒரு வாரத்தோடு நின்றுபோச்சு என்று அந்தப் பெண் அடுத்த கேள்வி கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அண்ணியும் இப்போது இல்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன், அண்ணி, அவர்கள் 'பாப்பா' என்று கூப்பிடுகிற நான், மூன்றே பேர். அண்ணன் ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளுக்கு ஐந்து ஐந்தாகக் கோடு போடுகிற வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். அண்ணி எண்ணூர்க் குப்பத்துப் பெண். கலியாணம் ஆகி வந்தபோது அவள் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் ஒரு கட்டுப் படம் இருந்தது. எல்லாம் அவளே போட்டது.

அண்ணன் கொண்டு வருகிற பழைய டாலி ஷீட்டின் பின்பக்கம்தான் அவளுக்கு நோட்டு. உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு குதிரை போட்டுவிடுவாள். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஜட்கா குதிரைதான் அவள் பார்த்த குதிரை. அதனால் அவள் போட்ட ராஜாக்களெல்லாம் விலா எலும்பு தெரிகிற குதிரை மேல்தான் போவார்கள். கப்பல் போட்டால் கயிற்றில் முடிச்சு சரியாக இருக்கும். தண்ணீர் போட்டால் நிஜமாகவே ஆழம் தெரியும். ராணிகளின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவளுடைய அம்மா மீன் வெட்டுகிறவள். கட்டை விரல் ஒரு பக்கமாக மடங்கிப் போன கை. அண்ணியின் ராணிகளுக்கெல்லாம் அந்தக் கைதான். அதற்கு முன்னும் சரி, பின்னாலும் சரி, வேலை செய்த கையோடு ஒரு ராணியை நான் எந்தப் படக்கதையிலும் பார்த்ததில்லை.

அந்தப் படங்களை அண்ணன்தான் மண்ணடியில் இருந்த ஒரு வாரப் பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டுபோனான். அங்கே முதலாளி பார்த்துவிட்டு, "நீங்க போட்டதா?" என்று கேட்டிருக்கிறார். இவனும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். வீட்டில் வந்து, "பொம்பள போட்டதுன்னா அந்தாளு திரும்பிக்கூடப் பாக்கமாட்டாருமே" என்றான். மூன்று வருஷம் அவள் போட்ட படங்கள் அண்ணன் பேரில் வந்தன. ஹார்பரில் அவனை எல்லோரும் 'ஆர்டிஸ்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் சட்டைப் பையில் ஒரு பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனான். சத்தியமாகச் சொல்கிறேன், பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு போனான்.

என் பங்கும் அதில் உண்டு. பாத்திரங்கள் பேசுகிற வசனத்தை வட்டத்துக்குள் எழுதுவார்களே, ஆபீஸ் பாஷையில் அது பலூன். பலூனுக்குள் எழுதுவது நான். கான்வென்ட்டில் படித்ததில் எனக்கு மிஞ்சியது கையெழுத்து ஒன்றுதான். கோயில் அறிவிப்புப் பலகைக்குக்கூட நான்தான் எழுதுவேன். வசனம் ஆபீசிலிருந்து தாளில் வரும். அங்கே இருந்த ஒரு கதாசிரியர் செந்தமிழில் எழுதி அனுப்புவார். அண்ணி படம் போட்டு, பலூனுக்கு இடம் விட்டுக் கொடுப்பாள். நான் இந்தியன் இங்க்கில் நிப்பைத் தோய்த்து எழுதுவேன்.

ஒருநாள் குட்டு வெளிப்பட்டது. ராஜாவின் கிரீடம் பெரிதாக இருக்கிறது, இங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் சின்னதாக்கிக் கொடுங்கள் என்று முதலாளி பிரஷ்ஷை நீட்டிவிட்டார். அண்ணன் போட்ட கிரீடம் சோற்றுப் பானை மாதிரி வந்ததாம். வியர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தான். "மானம் பூட்ச்சுமே! பிரஷ்ஷ கைல குடுத்துட்டாரு. நாளிக்கி உன்னியக் கூட்டினு வரச் சொல்றாரு."

மறுநாள் அண்ணி கலியாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு அட்டையை நீட்டினார். அண்ணி உட்காரவில்லை. நின்றபடியே மேஜை மேல் குனிந்து ஒரு கிரீடம் போட்டாள், கீழே முகம் போட்டாள், குதிரை போட்டாள். முதலாளி அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சரிம்மா. புதுசா ஒரு ராஜகுமாரி தொடர் ஆரம்பிக்கிறோம். அதை உங்க பேர்லயே போடலாம். ஆனா பொம்பளை பேரைப் பார்த்து வாசகர்கள் என்ன சொல்வாங்களோ தெரியாது. முதல் வாரம் போட்டுப் பார்ப்போம். நல்ல கடிதமா வந்தா பேர் நிக்கும். இல்லேன்னா இந்தப் பேச்சை விட்டுடலாம்."

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, என் பேரு பாப்பா!" என்றாள். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. தெரு முனை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். "இனிமே ஹார்பர்ல மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?" என்றான். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

அந்த முதல் வாரத்துக்கு அண்ணி உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். கடைசிப் படம் ஒரு கோட்டை மாடம். துரோகித் தளபதியின் எதிரில் ராஜகுமாரி வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். வாள் பலூன் வரைக்கும் போய்விட்டது. அதனால் பலூனில் இடம் கம்மி. கதாசிரியர் கொடுத்த வசனம் இதுதான்: 'வாள் என் கையில் இருக்கிறது. நாடு என் பின்னால் இருக்கிறது.' இரண்டு பலூன். இரண்டாவது பெரிசு, முதலாவது குறுகல். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தையல் மெஷின் பலகை மேல் வைத்து நான் எழுதினேன்.

இருக்கிறது என்றால் ஆறு எழுத்து. இடமோ இரண்டு எழுத்துக்குத்தான். என் புத்தி ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாக எழுதியது: வாள் என் கையில் கீது.

எழுதி முடித்த பிறகு சரி பார்ப்பது எங்கள் வழக்கம். அண்ணி ஒவ்வொரு பலூனாகச் சத்தமாகப் படிப்பாள், நான் கதாசிரியர் தாளைப் பார்த்துக்கொண்டே வருவேன். ஆனால் எங்கள் வீட்டில் யார் படித்தாலும், தாளில் 'இருக்கிறது' என்று இருந்தால் வாய் 'கீது' என்றுதான் சொல்லும். கோயிலில் வேதம் வாசிக்கும்போது மட்டும் நாக்கு விறைத்துக்கொண்டு நிற்கும். வீட்டில் கதை படிக்கும்போது யாருக்கு அதெல்லாம்? அண்ணி படித்தாள்: "வாள் என் கையில கீது. நாடு என் பின்னால கீது." நான் தாளைப் பார்த்தேன், 'இருக்கிறது' என்று இருந்தது, சரி என்றேன். அண்ணனும் ஒரு தடவை படித்தான். "வாள் என் கையில கீது. ஆங், கரெக்ட்டு" என்றான். மூன்று பேர் படித்தோம். மூன்று பேர் காதிலும் அது விழவில்லை. ஆபீசில் பிழை திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். அவர் அச்சுக் கோத்த பக்கத்தைத்தான் படிப்பார். படத்துக்குள் இருக்கிற எழுத்து எங்கள் பொறுப்பு. படம் அப்படியே அச்சு பிளாக் ஆகி, அப்படியே அச்சாகிவிட்டது.

பத்திரிகை வந்த அன்று அண்ணி அந்தப் பக்கத்தை விரித்து மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். 'ஓவியம்' என்று போட்டு, பக்கத்தில் அவள் பேர். எவ்வளவு சின்ன எழுத்து! அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அண்ணன்கூட முறைப்பை விட்டுவிட்டு நாலு பிரதி வாங்கி வந்திருந்தான்.

மூன்றாம் நாள், எங்கள் சந்துக்கு வருகிற மீன்காரம்மா கூடையை இறக்கும்போதே கத்தினாள். "இன்னாமே, உன் ராணி நம்ம மாரியே பேசுதாமே! எம் பொண்ணு படிச்சிச் சொல்லிச்சு. வாளு என் கையில கீதுன்னு சொல்லுதாம்! ஷோக்கா கீதுமே, மெய்யாலுமே ஷோக்கா கீது!" என்று சொல்லி ஒரு கைப்பிடி நெத்திலியைச் சும்மாவே போட்டுவிட்டுப் போனாள். அண்ணி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். வந்தவள் நின்றாள். மாதா படத்துக்கு முன்னாலிருந்து பத்திரிகையை எடுத்தாள்.

"பாப்பா, இங்க வா. இத்தப் படி."

"வாள் என் கையில கீது."

"வாயால படிக்காத. எழுத்து எழுத்தா பாரு."

பார்த்தேன். கீ. து. என் கையெழுத்து, அழகாக, சுழி கொஞ்சமும் பிசகாமல். நான் ஓவென்று அழுதேன். அண்ணி அழவில்லை. நெத்திலி அப்படியே கிடந்தது. அன்றைக்கு யாரும் அதைக் கழுவக்கூட இல்லை.

ஆபீசிலிருந்து ஆள் வருவதற்கு முன்னால் நாங்களே போய்விடலாம் என்று அண்ணி சொன்னாள். முடித்து வைத்திருந்த இரண்டாம் வாரத்துப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டாள். முதலாளி மேஜை மேல் கார்டும் கவருமாகக் குவிந்து கிடந்தது. ஒன்றொன்றாக எடுத்து அவரே படித்தார். ராஜகுமாரி மீன் மார்க்கெட்டில் பிறந்தவளா என்று ஒருவர். பெண்பிள்ளைகளைக் கரண்டி பிடிக்க விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள் என்று ஒருவர். தமிழைக் கொலை செய்த அம்மையாருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று ஒருவர் கறுப்பு பார்டர் போட்டே அனுப்பியிருந்தார். படத்தைப் பற்றி ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தக் கை, அந்தக் கயிறு, அந்தக் குதிரை, எதுவும் யார் கண்ணிலும் படவில்லை.

"யாரும்மா எழுதினது இதை?" என்று முதலாளி கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி, "நான்தான் சார்" என்றாள். "இவ எழுதினதப் பாத்துப் பாத்து நானே எழுதிட்டேன். இதோ பாருங்க சார், ரெண்டாவது வாரம் இவ எழுதினது. ஒரு தப்பு கெடயாது."

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கை என்று குருடனுக்குக்கூடத் தெரியும். அவர் கையைப் பார்க்கவில்லை, பிழையைத் தேடினார். பிழை இல்லை. "எழுத்து நல்லா இருக்கே" என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தொடரை வேற ஆர்டிஸ்ட்டுக்குக் கொடுத்துடறேன்மா. தப்பா நினைக்காதீங்க. இந்தப் பொண்ணு வேணும்னா இங்கயே வேலைக்கு வரட்டும். வெளிநாட்டுப் படக்கதைக்குத் தமிழ் எழுத ஆள் தேடிக்கிட்டிருக்கேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சார், அதை எழுதினது நான், என்னை அனுப்பிவிட்டு இவளை வைத்துக்கொள்ளுங்கள் என்று. வாய் இருந்தது. எனக்கு வயசு பத்தொன்பது, ஒன்றும் தெரியாத குழந்தை இல்லை. வேலை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதுதான் உண்மை. இதற்கு மேல் அழகாக அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாப்பில் அண்ணியிடம் கேட்டேன், ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க என்று. "ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? நீயாச்சும் போ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பள சொன்னா பாரு, நம்ம மாரி பேசுதுன்னு. அவளுக்குப் புடிச்சிருந்திச்சு இல்ல?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

அண்ணன் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொன்னதோடு சரி. மறுபடி தன் பேரில் கொண்டுபோகலாமா என்று ஒரு தடவை கேட்டான். அண்ணி பார்த்த பார்வையில் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் காசிமேட்டுப் பக்கம் எறா உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐஸ் தண்ணீரில் கையை விட்டு உரிக்க வேண்டும். ஒரே வருஷத்தில் விரல்கள் வீங்கி, நகம் வெளுத்து, கட்டை விரல் ஒரு பக்கமாக மடங்க ஆரம்பித்தது. டாலி ஷீட்டுகள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின. அப்புறம் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டன.

நான் எட்டு வருஷம் அந்த ஆபீசில் பலூன் எழுதினேன். அங்கே நான் வாயைத் திறந்தால் சுத்தத் தமிழ்தான். வீட்டுப் படி ஏறினால்தான் பழைய பேச்சு வரும். ராயபுரம் என்றுகூடச் சொல்லமாட்டேன், பாரிமுனைக்கு அந்தப் பக்கம் என்பேன். ஆபீசில் எந்தப் பிழைக்கும் 'கீது' என்று பேராகிவிட்டிருந்தது. புரூஃப் வந்தால், "எத்தனை கீது இருக்கு பாரு" என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த அம்மா என் அண்ணி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, முதலாளிக்கும் அது மறந்துபோயிருந்தது. முதல் வருஷம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். மூன்றாவது வருஷம் நானே, "சார், இந்தப் பக்கத்துல ரெண்டு கீது" என்று சொல்ல ஆரம்பித்தேன். பழகிவிட்டது. வாரா வாரம் பத்திரிகையை வீட்டுக்கு எடுத்து வருவேன். அண்ணி படத்தைப் பார்க்கவே மாட்டாள். பலூன் மேல் மட்டும் விரலை ஓட்டிவிட்டு, "நல்லா கீது உன் எழுத்து" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் படக்கதைப் பக்கங்களை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை முடிந்தது. கடைசி நாள் எல்லோரையும் கூப்பிட்டு, மிக்ஸரும் டீயும் வைத்து, முதலாளி என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். "இந்தப் பொண்ணு வந்த பிறகுதான் நம்ம பத்திரிகைத் தமிழ் சுத்தமாச்சு. அதுக்கு முன்னால ஒரு அம்மா படம் போட வந்தாங்க. தமிழே எழுதத் தெரியாது. ராஜகுமாரி வாளை ஓங்கிக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா?" என்று நிறுத்தினார். எல்லோரும் சேர்ந்து கோரஸாக, "வாள் என் கையில் கீது!" என்று கத்தினார்கள். அறையே அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறி டீ கொட்டியது.

நானும் சிரித்தேன். வாய் விட்டு, தோள் குலுங்க, எல்லோரையும் விட ஒரு நொடி அதிகமாகவே சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கம்பெனியிலிருந்து வந்து, சமையல் மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விரலால் உரிக்க வரவில்லை, பல்லால் கடித்து உரித்தாள்.

"இன்னா பாப்பா, கடைசி நாளு. இன்னா சொன்னாங்கோ?"

"ஒண்ணும் இல்லை அண்ணி. என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பூண்டுப் பல் கையிலேயே இருந்தது.

"இன்னாடி," என்றாள், "வூட்லயுமா?"